இரண்டு இடங்களிலிருந்து ஒரே தரவுக் கோப்பைத் திருத்தும்போது எடைப் பதிவுகள் காணாமற்போவது ஏன்?

வண்டன்மேட்டுக் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுக்கு அருகில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் கணக்குப் பார்த்து வருகிறேன். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் பச்சைக்காயைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். நாங்கள் அதை உலர்த்தி, உலர்ந்த காயின் எடையைக் குறித்துக்கொண்டு, உலர்த்துக் கூலியைக் கணக்கிட்டுத் திருப்பித் தருவோம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய்தான் கிடைக்கும் என்பதால், பச்சை எடையில் ஒரு பதிவு விட்டுப்போனாலும் விவசாயியிடம் எங்களால் கணக்குக் காட்ட முடியாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதற்காக எனக்கு முன்பு இருந்தவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய இணையச் செயலியை எழுதி வைத்திருக்கிறார். தரவுத்தளம் எதுவும் கிடையாது. வாடகை ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுத்த இணையச் சர்வர் இடத்தில்) உள்ள ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பில்), வரிக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் சீட்டு எண், தேதி, விவசாயியின் கணக்கு எண், பெயர், பச்சை எடை, உலர் எடை ஆகியவை இருக்கின்றன. காய் வந்ததும் புதிய வரி சேரும். உலர்ந்து வந்தபின் அதே வரியில் உலர் எடை நிரப்பப்படும். ஸ்டோரில் ஒருவரும் கம்பம்மெட்டில் காய் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒருவருமாக, இருவர் கைபேசியிலிருந்து பதிகிறார்கள்.

செயலி செய்வது இவ்வளவுதான்: கோப்பு முழுவதையும் படித்து ஓர் அணிவரிசையில் வைத்துக்கொள்கிறது, வேண்டிய வரியைத் திருத்துகிறது அல்லது கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கிறது, பிறகு அதே கோப்பை எழுதுவதற்கான 'டபிள்யூ' முறையில் திறந்து எல்லா வரிகளையும் மீண்டும் எழுதிவிடுகிறது. பறிப்பு மும்முரமாக இருக்கும் மாலை நேரங்களில் சில சீட்டுகள் காணாமற்போகின்றன. 'பதிவு முடிந்தது' என்று திரையில் வந்த சீட்டும் மறுநாள் கோப்பில் இருப்பதில்லை. ஒருமுறை கோப்பு முழுவதும் காலியாகி, அளவு பூச்சியம் பைட் என்று காட்டியது. சில விவசாயிகளின் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறியிருப்பதையும் பார்க்கிறேன். நான் மட்டும் ஓர் உலாவியில் இரண்டு தாவல்களைத் திறந்து வேகவேகமாகச் சேமித்துப் பார்த்தால் ஒரு பிழையும் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


குமுளி வாசகர் (மறுமொழி)

கோப்புறைக்கும் கோப்புக்கும் 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற அமைப்பு) கொடுத்துப் பாருங்கள். எழுத முடியாமல்தான் பதிவுகள் விட்டுப்போகின்றன என்று நினைக்கிறேன். இல்லையென்றால் கூகுள் ஷீட்டுக்கு மாறிவிடலாம். இருவர் ஒரே நேரத்தில் எழுதினாலும் அது பார்த்துக்கொள்ளும்.


கொழிஞ்சாம்பாறை நிரலர் (மறுமொழி)

வணக்கம் ஐயா. அனுமதிதான் காரணமாக இருந்தால் எல்லாப் பதிவுகளும் விட்டுப்போக வேண்டும். மாலை நேரத்துப் பதிவுகள் மட்டும் போகாது. இது இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதால் வரும் சிக்கல். நீங்கள் விவரித்த நிரலில் இதற்கு இரண்டு தனித்தனியான காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல் பார்த்தால்தான் தீர்வு சரியாக அமையும்.

முதலாவது, சீட்டுகள் காணாமற்போவது. ஸ்டோரில் இருப்பவர் சேமிக்கும்போது செயலி கோப்பைப் படிக்கிறது. அதில் அப்போது நாற்பது வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய நிரல் எழுதி முடிப்பதற்குள் கம்பம்மெட்டில் இருப்பவரின் நிரலும் அதே நாற்பது வரிகளைப் படித்துவிடுகிறது. முதலாமவர் தம் வரியைச் சேர்த்து நாற்பத்தொன்றாக எழுதுகிறார். இரண்டாமவரும் தாம் படித்த பழைய நாற்பதோடு தம் வரியைச் சேர்த்து நாற்பத்தொன்றாக எழுதுகிறார். முதலாமவரின் சீட்டு இப்படித்தான் மறைகிறது. இருவருக்குமே 'பதிவு முடிந்தது' என்று வந்திருக்கும். அந்தந்த நொடியில் அது உண்மையும்கூட.

இரண்டாவது, கோப்பு காலியாவது. பிஎச்பியில் 'டபிள்யூ' முறையில் ஒரு கோப்பைத் திறந்த அந்தக் கணமே அதன் உள்ளடக்கம் வெட்டப்பட்டு அளவு பூச்சியமாகிவிடும். அதன்பிறகுதான் எழுதும் வேலை தொடங்குகிறது. அந்த இடைவெளியில் மற்றவரின் நிரல் படித்தால் அதற்குக் கிடைப்பது வெற்றுக் கோப்பு அல்லது பாதிக் கோப்பு. அதோடு தன் ஒரு வரியைச் சேர்த்து அது திருப்பி எழுதினால், மிஞ்சுவது அந்த ஒரு வரிதான். எழுதும் பாதியில் நிரல் நின்றுபோனாலும் நிலை இதுவே.

பலர் இந்த இடத்தில் 'எஃப்லாக்' என்ற பூட்டைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 'டபிள்யூ' முறையில் திறந்துவிட்டுப் பிறகு பூட்டினால், பூட்டு கிடைக்கும் முன்பே கோப்பு காலியாகியிருக்கும். கோப்பில் எழுதும் 'ஃபைல் புட் கன்டென்ட்ஸ்' செயல்கூற்றுக்கு 'லாக் எக்ஸ்' என்ற குறியைக் கொடுத்தால் பூட்டிய பிறகே வெட்டும் என்பது சரிதான். ஆனால் அது எழுதும் வேலையை மட்டுமே பூட்டுகிறது; அதற்கு முன் நீங்கள் படித்தது பூட்டுக்கு வெளியே நடந்திருப்பதால், நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாக எழுதும் சிக்கல் அப்படியே இருக்கும். படிப்பது, திருத்துவது, எழுதுவது ஆகிய மூன்றும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் வழி இது. தரவுக் கோப்பைப் பூட்டாமல், பூட்டுவதற்கென்றே அதே கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும் நிரல் முதலில் அந்தப் பூட்டுக் கோப்பை, உள்ளடக்கத்தை வெட்டாத 'சி' முறையில் திறந்து, தனியுரிமைப் பூட்டைக் கேட்டுக் காத்திருக்கட்டும். பூட்டு கிடைத்தபின் தரவுக் கோப்பைப் படித்து, வரியைத் திருத்தி, முழு உள்ளடக்கத்தையும் அதே கோப்புறையில் வேறு பெயருள்ள தற்காலிகக் கோப்பில் எழுதட்டும். எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகு, 'ரீநேம்' மூலம் தற்காலிகக் கோப்புக்குத் தரவுக் கோப்பின் பெயரைச் சூட்டிவிட்டுப் பூட்டை விடுவிக்கலாம். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல் என்பதால், அந்த நேரத்தில் படிக்க வருபவருக்குப் பழைய கோப்பு முழுமையாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுமையாகக் கிடைக்கும், பாதி கிடைக்காது. எழுதியதை வட்டில் உறுதியாகப் பதியவைக்கும் 'எஃப்சிங்க்' செயல்கூறும் பிஎச்பி 8.1 முதல் இருப்பதால், மின்தடைக்கு அஞ்சுபவர்கள் பெயர்மாற்றத்துக்கு முன் அதையும் அழைக்கலாம்.

பூட்டுக்கென்று தனிக் கோப்பு எதற்கு என்று கேட்கலாம். பெயர்மாற்றம் நடந்தபின் அந்தப் பெயரில் இருப்பது வேறொரு கோப்பு. பழைய கோப்பின் மீது பூட்டுக்காகக் காத்திருந்தவருக்குப் பூட்டு கிடைக்கும்போது அவர் கையில் இருப்பது பெயரிழந்த கோப்பாக இருக்கும். அதைப் படித்துத் திருத்தினால் மீண்டும் அதே இழப்புதான். தற்காலிகக் கோப்பைச் சர்வரின் பொதுத் தற்காலிகக் கோப்புறையில் உருவாக்கவும் வேண்டாம். அது வேறு வட்டுப் பிரிவில் இருந்தால் பெயர்மாற்றம் உள்ளுக்குள் நகலெடுப்பாக மாறிவிடும். முழுமையாக மாறும் அல்லது மாறவே மாறாது என்ற உறுதி போய்விடும்.

நீங்கள் மட்டும் சோதித்தபோது பிழை வராததற்கும் காரணம் இருக்கிறது. உள்நுழைவுக்காக பிஎச்பியின் செஷன் வசதியை (உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் வசதியை) பயன்படுத்தும் செயலி என்றால், இயல்பான அமைப்பில் ஒரே செஷனின் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். ஏனெனில் செஷன் கோப்பை பிஎச்பி தானே பூட்டி வைத்துக்கொள்கிறது. ஒரே உலாவியின் இரண்டு தாவல்கள் ஒரே செஷன்தான். உண்மையாகச் சோதிக்க வேண்டுமானால், சோதனை நகல் ஒன்றில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் பத்து நொடி உறங்கும் கட்டளையைச் சேர்த்துவிட்டு, இரண்டு கைபேசிகளிலிருந்து இரு வேறு பயனர்களாகச் சேமித்துப் பாருங்கள். சீட்டு மறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.


நகரி சர்வர் காப்பாளர் (மறுமொழி)

மேலே சொல்லப்பட்ட விளக்கத்தோடு உடன்படுகிறேன். சர்வர் பக்கத்துச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

777 அனுமதியைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். அது அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கோப்பை மாற்றலாம் என்று சொல்வதற்குச் சமம். வாடகை ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே இயங்குகிறது. அப்படியானால் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 (உங்கள் கணக்கு மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) போதும்; கணக்குத் தரவு என்பதால் 600, 700 என்று (மற்றவர்கள் படிக்கவும் முடியாதபடி) இன்னும் இறுக்குவது நல்லது. உங்களுடையதே தனிச் சர்வராக இருந்து, டெபியன் அல்லது உபுண்டுவில் வலைச் சேவை தனிப் பயனர் பெயரில் இயங்கினால், தரவுக் கோப்புறையை மட்டும் அந்தப் பயனருக்கு உரிமையாக்கிக் கொடுங்கள். தற்காலிகக் கோப்பை உருவாக்கிப் பெயர்மாற்றும் முறையில் எழுத்து அனுமதி கோப்புறைக்குத் தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். வலைக்குத் திறந்திருக்கும் 'பப்ளிக் எச்டிஎம்எல்' கோப்புறைக்குள் சிஎஸ்வி கிடந்தால், அதன் முகவரியை ஊகிக்கும் எவரும் உலாவியில் தட்டச்சிட்டு விவசாயிகளின் பெயர், எடை அனைத்தையும் இறக்கிக்கொள்ளலாம். அதை ஒரு படி மேலே, வலைக்குத் தெரியாத கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, நிரலில் முழுப் பாதையைக் கொடுங்கள்.

பூச்சியம் பைட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹோஸ்டிங் கணக்கின் இட ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், 'டபிள்யூ' முறையில் திறந்து காலியாக்குவது நடந்துவிடும், எழுதுவது நடக்காது. மின்னஞ்சல் பெட்டியும் பிழைப் பதிவேடும் அதே ஒதுக்கீட்டில்தான் கணக்காகின்றன என்பதால், சிறிய கணக்குகள் சத்தமில்லாமல் நிரம்பிவிடும். எழுதும் செயல்கூறு திருப்பித்தரும் எண்ணைச் சரிபார்க்காத நிரல் இதைக் கண்டுகொள்ளாது.


வண்டன்மேட்டுக் கணக்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி உறங்கும் கட்டளையைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு கைபேசிகளில் சேமித்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. இட ஒதுக்கீட்டில் போதிய இடம் இருக்கிறது. கோப்பு 'பப்ளிக் எச்டிஎம்எல்' உள்ளேதான் இருந்தது, அதை நகர்த்திவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு செய்தி தெரியவந்தது. எங்கள் முதலாளி வாரக் கடைசியில் ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளர் வழியாக அந்தச் சிஎஸ்வியை இறக்கி, எக்செல்லில் திறந்து, கூலிக் கணக்கைப் பார்த்து, கண்ணில் பட்ட எழுத்துப் பிழைகளையும் திருத்தி, மாலையில் அதே பெயரில் மீண்டும் ஏற்றிவிடுகிறார். எக்செல்லில் பார்க்க முடியவில்லை என்றால் அவருக்குக் கணக்கு ஓடாது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தின் விலைகளையும் அருகிலேயே ஒரு தாளில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். ஆகவே சிஎஸ்வி இல்லாமல் செய்ய இயலாது.

மற்றொன்று, கம்பம்மெட்டுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். சேமி என்பதை அழுத்தியபின் திரை சுற்றிக்கொண்டே இருந்தால், அங்கிருப்பவர் மறுபடி அழுத்துகிறார். சில சமயம் ஒரே காய்க்கு இரண்டு சீட்டுகள் பதிவாகிவிடுகின்றன. பூட்டு போட்டால் இதுவும் தீருமா?


கொழிஞ்சாம்பாறை நிரலர்

ஐயா, உங்கள் முதலாளி செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. 'எஃப்லாக்' என்பது மரியாதைப் பூட்டு; பூட்டைக் கேட்டுவிட்டு நுழையும் நிரல்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். கோப்பு மேலாளர் அதைக் கேட்பதில்லை. அவர் காலையில் இறக்கி மாலையில் ஏற்றினால், இடையில் பதிவான சீட்டுகள் அனைத்தும் ஒரே அடியில் போய்விடும். நிரலை எவ்வளவு கவனமாக எழுதினாலும் இதைத் தடுக்க முடியாது.

அதனால் என் கருத்து வேறு திசையில் செல்கிறது. சிஎஸ்வி அவர் பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும். மூலத் தரவு அதில் இருக்க வேண்டாம். மூலத்தை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, அவர் ஒரு பொத்தானை அழுத்தும்போது அந்நேரத்து நிலையைச் சிஎஸ்வியாக இறக்கிக் கொடுத்துவிடலாம். திரும்ப ஏற்றும் வழியை மூடிவிட வேண்டும். எழுத்துப் பிழைகளைச் செயலியிலேயே திருத்தட்டும். எஸ்க்யூலைட் என்றதும் பெரிய தரவுத்தளம் என்று மலைக்க வேண்டாம். அதுவும் சர்வரில் ஒரே ஒரு கோப்புதான், தனிச் சேவை எதையும் நிறுவ வேண்டியதில்லை, பிஎச்பி 5.3 முதல் அதற்கான நீட்சி இயல்பாகவே சேர்ந்து வருகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்ற வரம்பு உண்டு. ஒரு சீட்டை எழுத ஆகும் நேரம் மிகச் சிறியது என்பதால் உங்களைப் போன்ற இரு எடைமேசைகளுக்கு அது வரம்பே அல்ல. காத்திருக்கும் நேரத்தை ஐயாயிரம் மில்லிநொடி என்று அமைத்துவிட்டால், மோதும்போது பிழை காட்டாமல் தன் முறைக்குக் காத்திருக்கும். படித்துத் திருத்தும் வேலைகளை, எழுதும் பூட்டை முதலிலேயே கேட்கும் 'பிகின் இம்மீடியட்' என்ற கட்டளையோடு தொடங்குங்கள். வெறும் 'பிகின்' போட்டால் பூட்டை எழுதும்போதுதான் கேட்கும், அப்போது மோதினால் காத்திருக்காமலே பிழை வரக்கூடும்.

இரட்டைச் சீட்டுச் சிக்கலைப் பூட்டு தீர்க்காது, ஐயா. இரண்டு கோரிக்கைகளும் ஒழுங்காக வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகும், அவ்வளவுதான். சிக்னல் போவதில் இரண்டு வகை உண்டு: கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேராமல் போவது ஒன்று, சேர்ந்து, பதிவாகி, பதில் மட்டும் கைபேசிக்குத் திரும்பாமல் போவது மற்றொன்று. கைபேசியில் இருப்பவரால் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. மறுபடி அழுத்துவது அவர் தவறும் அல்ல. படிவம் திறக்கும்போதே கைபேசியில் தற்போக்கான நீண்ட குறியீடு ஒன்றை உருவாக்கி மறைபுலத்தில் வைத்துவிடுங்கள். எத்தனை முறை அழுத்தினாலும் அதே குறியீடுதான் போகும். சர்வரில் அந்தக் குறியீட்டுப் பத்தியைத் தனித்துவமானதாக அறிவித்துவிட்டால், இரண்டாம் முறை வரும் கோரிக்கை புதிய வரியைச் சேர்க்க முடியாது. அப்போது பிழை என்று சொல்லாமல், முதலில் கொடுத்த சீட்டு எண்ணையே மீண்டும் பதிலாகக் கொடுங்கள். சீட்டு எண்ணைச் சர்வர்தான் தர வேண்டும், அதுவும் பூட்டுக்குள்ளேயே தர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சேமித்த பிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் நல்லது. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது படிவம் மறுபடி போகாது.

எடையைக் கிலோவில் புள்ளி வைத்துச் சேமிக்காமல், கிராமில் முழு எண்ணாகச் சேமியுங்கள். மிதவைப் புள்ளி எண்களில் 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 0.3 வராது, மாதக் கணக்கில் யாரேனும் ஒரு விவசாயி அதைக் கண்டுபிடிப்பார்.


மறையூர் வாசகர் (மறுமொழி)

எஸ்க்யூலைட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கணக்கருக்குச் சொல்லும்போது வேறு ஒரு வழியையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பழைய வரியைத் திருத்துவதே தவறான அமைப்பு. பேரேட்டில் மையால் எழுதிய எடையை யாரும் சுரண்டி எழுதுவதில்லை. தவறு என்றால் கீழே ஒரு திருத்தப் பதிவு போடுவார்கள். அதே வழக்கத்தை இங்கும் கொண்டுவரலாம். பச்சை எடைக்கு ஒரு கோப்பு, உலர் எடைக்குச் சீட்டு எண்ணைச் சுட்டும் மற்றொரு கோப்பு, இரண்டிலும் கடைசியில் வரி சேர்ப்பது மட்டுமே நடக்கும் என்று வைத்துக்கொண்டால், 'ஃபைல் அப்பெண்ட்', 'லாக் எக்ஸ்' ஆகிய இரண்டு குறிகளும் போதும். முன்பு படித்ததைத் திருப்பி எழுதும் வேலையே இல்லாததால் நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாக எழுதும் இழப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு வரியிலும் பதிந்தவர் யார், எப்போது என்பதும் சேர்ந்தே இருக்கும். எடையை மாற்றிவிட்டீர்கள் என்று ஒரு விவசாயி சண்டைக்கு வந்தால், எடுத்துக் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது. எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகளுக்குக் கரும்பு எடை பதிவதில் நான் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன்.


கொழிஞ்சாம்பாறை நிரலர்

மறையூர் அண்ணே சொல்வது பொருளளவில் சரி. திருத்தாமல் சேர்ப்பது என்ற கொள்கையை எஸ்க்யூலைட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் வெறும் கோப்பில் செய்தால் இரண்டு இடங்களில் மீண்டும் பூட்டுப் பிரச்சினைக்கே வந்துவிடுகிறோம். அடுத்த சீட்டு எண்ணைத் தருவதற்குக் கடைசி எண்ணைப் படிக்க வேண்டும். இரட்டைப் பதிவைத் தடுக்க முந்தைய குறியீடுகளைத் தேட வேண்டும். இரண்டுமே படித்துவிட்டு எழுதும் வேலைகள். கரும்பு வண்டிக்கு எடைமேடையே எண் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லாமல் இருக்கலாம். இங்கே எண் கொடுப்பது செயலிதான்.


நகரி சர்வர் காப்பாளர்

கேள்விக்குறிகளைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. முதலாளி எக்செல்லில் சேமிக்கிறார் என்று நீங்கள் சொன்னதுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எக்செல்லில் 'சிஎஸ்வி' என்ற பெயரில் ஒன்றும் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற பெயரில் மற்றொன்றுமாக இரண்டு சேமிப்பு வகைகள் இருக்கின்றன. முதல் வகையில் சேமித்தால், விண்டோஸின் பழைய குறியாக்கத்தில் இடமில்லாத தமிழ், மலையாள, தெலுங்கு எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே கோப்பில் எழுதப்பட்டுவிடும். அது காட்சிப் பிழை அல்ல. எழுத்து அழிந்தே போய்விட்டது. பழைய நகலிலிருந்துதான் மீட்க முடியும். நகரியில் விசைத்தறிக் கூலிக் கணக்குகளில் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்கள் கலந்தே வருவதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாம் வகையில் சேமித்தால் எழுத்துகள் நிலைக்கும். ஆனால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்று சேர்ந்துவிடும். அதை நீக்காமல் படிக்கும் நிரலுக்கு முதல் பத்தியின் தலைப்பு பொருந்தாமல் போகும். நீங்கள் முதலாளிக்கு இறக்கிக் கொடுக்கும் சிஎஸ்வியில் மட்டும் இந்தக் குறியை நீங்களே முன்னால் வைத்துக் கொடுங்கள். அப்போதுதான் எக்செல் அதைத் திறந்தவுடன் தமிழாகக் காட்டும். எக்செல் 007 போன்ற கணக்கு எண்களின் முன்பூச்சியங்களையும் தின்றுவிடும் என்பதால், கணக்கு எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பெயர்ப் புலத்தின் நீளத்தைப் பைட் கணக்கில் வெட்டும் நிரல் எங்கேனும் இருக்கிறதா என்றும் தேடுங்கள். தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், வெட்டு நடுவில் விழுந்தால் கடைசி எழுத்து சிதைந்துவிடும்.


வண்டன்மேட்டுக் கணக்கர்

பெயர்கள் அழிந்திருக்கும் வரிகளைப் பார்த்தேன். அனைத்தும் ஒரே வாரக் கடைசியில் ஏற்றப்பட்ட கோப்பில்தான் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் தனியாக என்னிடம் இருப்பதால் கணக்கு எண்ணை வைத்து மீட்டுவிடலாம்.

முதலாளியிடம் பேசினேன். எக்செல்லில் பார்க்க ஒரு பொத்தான் கிடைக்கும் என்றால் திரும்ப ஏற்றாமல் இருக்கச் சம்மதித்துவிட்டார். எஸ்க்யூலைட்டுக்கு மாறுவது என்றும், உலர் எடையைத் தனி அட்டவணையில், திருத்தாமல் சேர்ப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். பறிப்புக் காலத்தின் நடுவில் மாற்றுவதால் ஒரு நாள் கணக்கும் விட்டுப்போகக் கூடாது. மாற்றும் முறையையும், அன்றாடம் நகல் எடுக்கும் முறையையும் பற்றிச் சொன்னால் போதும்.


நகரி சர்வர் காப்பாளர்

இரவு எடை முடிந்தபின் செயலியில் சேமிக்கும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, சிஎஸ்வியை ஒரே பரிவர்த்தனையில் (எல்லாம் ஏறும் அல்லது எதுவும் ஏறாது என்ற முறையில்) முழுவதுமாக எஸ்க்யூலைட்டுக்குள் ஏற்றுங்கள். வரிகளின் எண்ணிக்கையும் பச்சை எடை, உலர் எடைகளின் மொத்தமும் இரு பக்கமும் ஒத்திருந்தால் மட்டும் புதிய பக்கத்தைத் திறந்துவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் பழையதையே திறந்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பழைய கோப்பை அழிக்காமல், படிப்பதற்கு மட்டும் உரியதாக 400 அனுமதியோடு வைத்திருங்கள்.

தரவுத்தளக் கோப்பு இருக்கும் கோப்புறைக்கும் எழுத்து அனுமதி வேண்டும். எழுதும்போது அதன் அருகிலேயே ஒரு துணைக் கோப்பை எஸ்க்யூலைட் உருவாக்கிக்கொள்ளும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் குறித்துக்கொள்ளும் 'வால்' முறையை இயக்குவதற்கு முன், உங்கள் ஹோஸ்டிங் கோப்புகளை வலைப்பின்னல் வட்டில் வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அத்தகைய வட்டில் அந்த முறை சரியாக வேலை செய்யாது. கேட்டுத் தெளியும்வரை இயல்பான முறையே போதும்.

நகலை எஃப்டிபி வழியாக இழுக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி மாறிய நிலை கிடைக்கக்கூடும். எஸ்க்யூலைட் 3.27 முதல், அதாவது 2019 முதல், 'வேக்யூம் இன்டு' என்ற கட்டளை இருக்கிறது. அது ஓடும் தரவுத்தளத்திலிருந்து முரண்பாடில்லாத தனி நகலை எழுதித் தரும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் ஹோஸ்டிங்கின் கிரான் வசதியில் இரவு ஒருமுறை அதை ஓடவிட்டு, கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து, ஸ்டோரில் உள்ள கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நகல் எடுத்தால் மட்டும் போதாது. இறக்கிய கோப்பைத் திறந்து அன்றைய கடைசிச் சீட்டு எண் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் அதே வேலையில் சேர்த்துவிடுங்கள்.